முதுகில் ஊதா முள் தைப்பது எப்படி?

கேள்வி: அக்டோபர் 31 ஹாலோவீனுக்குக் கதைப்புத்தகப் பூதம் ஒன்றின் வேடத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. சுலபமானது பிரிட்டனின் செல்லப் பூதமான க்ரஃபலோ. ஜூலியா டொனால்ட்சன் எழுதி, ஆக்செல் ஷெஃப்லர் படம் வரைந்து 1999-இல் வந்த புத்தகம் அது. ஆரஞ்சுக் கண், கறுப்பு நாக்கு, மூக்கு நுனியில் ஒரு மரு, முதுகில் ஊதா முட்கள்: பார்த்ததும் எந்தக் குழந்தையும் பெயர் சொல்லிவிடும்.

தலைமூடி வைத்த பழைய பழுப்பு ஸ்வெட்டர் ஒன்று போதும். முள்தான் வேலை வாங்கும். ஊதா ஃபெல்ட் துணியை முக்கோணங்களாக வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து, பஞ்சு அடைத்து, நடுமுதுகில் வரிசையாகத் தைக்க வேண்டும். பசை போட்டு ஒட்டினால் பிள்ளை ஓடுகிற முதல் ஓட்டத்திலேயே உதிரும். கண்களைத் தலைமூடியின் மேல் தைத்துவிட்டால் முகமூடி தேவையில்லை. இருட்டில் வழியும் தெரியும்.

வாசல்தோறும் பூசணிக்குள் மெழுகுவர்த்தி எரியும். அதில் பட்டால் தீப்பற்றும் என்பதால் தொங்கும் கம்பளி இழை, தரையில் புரளும் வால் இரண்டும் வேண்டாம்.

ஊசியே பிடிக்கத் தெரியாதவர்களுக்கு மாரிஸ் செண்டாக்கின் 1963 புத்தகத்துச் சிறுவன் மேக்ஸ் இருக்கிறான். வெள்ளை ஓநாய் உடுப்பு, தலையில் ஒரு கிரீடம், அவ்வளவுதான். அவன் பூதமல்ல, பூதங்களின் ராஜா! செண்டாக் முதலில் வரைய நினைத்தது குதிரைகளை. குதிரை கைக்கு வராததால்தான் பூதங்கள் வந்தன.