ஆட்டுக்கு என்ன கொடுப்பது? வீடு திரும்பும் குடும்பங்களுக்கு

2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா சூறாவளியாலும் மண்சரிவாலும் இடம்பெயர்ந்து, பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருந்துவிட்டு, இப்போது கொட்டகலைப் பகுதிக்குத் திரும்புகிறீர்கள். சிலர் பழைய லயத்துக்கு, சிலர் புதிய காணிக்கு. உங்கள் ஆடு அயலவர் பொறுப்பில் இருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியிருக்கலாம். உதவித் திட்டத்தில் புதிதாக ஒன்று கிடைத்திருக்கலாம். தோட்டச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியாத வீட்டுக்கு ஆடுதான் சேமிப்பு. பிள்ளையின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தீபாவளிக்கும் அதைத்தான் நம்பியிருப்பீர்கள். ஆகவே அதை உயிரோடு வைத்திருப்பதே முதல் வேலை. அதற்குத் தீவன மூடை வாங்க வேண்டியதில்லை. இலையும் பொறுமையும் போதும்.

முதல் பத்து நாட்கள்

மெலிந்த ஆட்டைப் பார்த்ததும் மனம் இளகி, நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவைக் கரைத்து வைப்பதும், மிஞ்சிய சோற்றையெல்லாம் கொட்டுவதும் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பட்டினியால் சாகாத ஆடு இதனால் சாகக்கூடும்.

ஆட்டின் பெருவயிற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. புல்லையும் இலையையும் புளிக்கவைத்து ஆட்டுக்குச் சத்தாக மாற்றுவது அவைதான். மாவும் சோறும் ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றில் அமிலம் ஏறி அந்த உயிர்கள் அழிந்துவிடும். ஆடு இரை எடுக்காது, அசைபோடாது, பல்லை நறநறவென்று கடிக்கும், இடதுபக்க வயிறு ஊதும், புளித்த நாற்றத்தோடு கழியும். இவற்றில் எதைக் கண்டாலும் மா, சோறு, தவிடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வாடிய புல்லும் சுத்தமான தண்ணீரும் மட்டும் கொடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி இலை, அடுத்த நாள் இரண்டு கைப்பிடி என்று கூட்டிக்கொண்டே போகலாம். எந்தப் புதுத் தீனியானாலும் ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை எடுத்துத்தான் பழக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

ஏறக்குறைய 25 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோ பச்சைத் தீனி வேண்டும். இரண்டு ஆடென்றால் ஒரு நல்ல கட்டு. கொழுந்துக்குப் போய்வந்த களைப்போடு அந்தக் கட்டையும் சுமப்பது யார் என்பதை வீட்டில் கதைத்து முடிவெடுங்கள். என் அப்பாயி அந்திக்குக் கூடையையும் புல்லுக்கட்டையும் சேர்த்தே சுமந்து வந்ததைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கட்டு முழுவதும் புல்லாக இருந்தால் ஆட்டின் வயிறு நிறையும், உடம்பு தேறாது. சாதாரண புல்லில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் புரதம் கிளிரிசிடியா (சீமைக்கிளுவை), தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் முருக்கு போன்ற மரங்களின் இலையில் உண்டு. கட்டில் மூன்றில் ஒரு பங்கு இப்படியான இலையாக இருக்கட்டும். கிளிரிசிடியாவின் வாடை புதிய ஆட்டுக்குப் பிடிக்காது. வெட்டி அரை நாள் வாடவிட்டு, புல்லோடு கலந்து கொடுத்தால் பழகிக்கொள்ளும். பலா இலையை எந்த ஆடும் வேண்டாம் என்று சொல்லாது. மண்ணைத் தேற்றுவதற்காகத் தோட்டங்களில் நடும் கோத்தமாலாப் புல்லும் இளசாக இருக்கும்போது நல்ல தீனிதான்.

நிழல் மரத்தின் கிளைகளைத் தோட்டத்தில் கழிக்கும்போது இலை மலையிலேயே விழுந்து கிடக்கும். தேயிலைக்கு அது உரம். ஆகவே வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஆட்டை மலைக்குள் அவிழ்த்துவிட்டு இளங்கன்றுகளைத் தின்னவிட்டால், பிறகு முழு லயத்துக்கும் ஆடு வளர்க்கத் தடை வரலாம்.

மரக்கறிக் கழிவு இந்தப் பக்கத்தில் தாராளம். கரட் இலை நல்லது. கோவா இலை கொஞ்சமாக, அதிகமானால் வயிறு ஊதும். எப்போது மருந்தடித்தது என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். களைநாசினி அடித்த மலையில் புல் அறுப்பதும் வேண்டாம். உரம், மருந்து வந்த சாக்கில் புல் கட்டி வருவதை இன்றோடு நிறுத்துங்கள். பச்சை நிறமேறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கு, அதன் இலை, கொத்துக்கொத்தாகப் பூக்கும் உன்னிச்செடி, மேட்டில் மண்டும் பெரணி ஆகியவை ஆட்டுக்கு நஞ்சு. நன்றாகத் தின்று பழகிய ஆடு இவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கும். பசித்த ஆடு ஒதுக்காது.

எங்கே அறுப்பது?

புல் செழித்திருக்கும் இடம் சரிந்த மேட்டின் ஓரமாக இருந்தால் அங்கே போகாதீர்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் கலங்கல் தண்ணீர் ஆகியவை தென்பட்டால் கிராம உத்தியோகத்தருக்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ அறிவியுங்கள். பாதுகாப்பான சரிவிலும் புல்லை வேரோடு பிடுங்காமல் அடித்தண்டு மிஞ்ச அறுங்கள். அந்த வேர்தான் மண்ணைப் பிடித்து நிற்கிறது. ஆட்டுக் கொட்டில் போடுவதற்கு வீட்டுக்குப் பின்னாலுள்ள மண் திட்டை வெட்டவும் கூடாது.

மழைக்காலம்

மே முதல் செப்டெம்பர் வரை புல் காய்வதே அரிது. ஈரப் புல்லின் அடியில் குடற்புழுவின் குஞ்சுகள் ஏறி நிற்கும், அவை ஆட்டின் வயிற்றுக்குள் போனால் கொடுக்கும் சத்தெல்லாம் புழுவுக்குத்தான். காலையில் அறுத்த புல்லைக் கூரைக்குக் கீழே பரப்பி வாடவிட்டு மாலையில் கொடுங்கள். தீனியைத் தரையில் போடாமல் ஆட்டின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். மிதித்ததையும் மூத்திரம் பட்டதையும் ஆடு தொடாது, நீங்கள் சுமந்து வந்ததில் பாதி வீணாகும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியது

உப்பு. அதைத் தினமும் சிறிதளவு வைக்கலாம். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் எல்லா ஆட்டுக்கும் வேண்டாம். சினை ஆடு ஐந்து மாதத்தில் குட்டி போடும். கடைசி ஆறு கிழமையிலும் பால் கொடுக்கும் காலத்திலும் இரண்டு பங்கு தவிடு, ஒரு பங்கு புண்ணாக்கு கலந்து நாளைக்கு 200 முதல் 300 கிராம் வரை கொடுத்தால் போதும். பூசணம் பிடித்த புண்ணாக்கை விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

வேலியே தீனி

7 பேர்ச்சஸ் காணியைச் சுற்றி ஏறக்குறைய 50 மீற்றர் வேலி வரும். அரை மீற்றருக்கு ஒன்றாக நட்டால் 100 கிளிரிசிடியாத் தடிகள். மழை தொடங்கும்போது, கைமணிக்கட்டுப் பருமனில், ஆள் உயரத் தடியாகப் பார்த்து நடுங்கள். கொட்டகலையின் குளிரில் இது கீழ்நாட்டைப் போல வேகமாக வளராது, ஒரு வருடத்துக்குக் கை வைக்காமல் விட வேண்டும். கலியாண்ட்ரா கன்று கிடைத்தால் அதையும் இடையிடையே நடுங்கள், குளிரை அது நன்றாகத் தாங்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ-3 புல்லைச் சரிவுக்குக் குறுக்காக வரிசையாக நட்டால் தீனியும் கிடைக்கும், மண்ணும் நிற்கும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் புல் காய்ந்தாலும் மர இலை பச்சையாக இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் இந்தக் காணி தாங்குவது இரண்டு ஆட்டின் தீனியில் ஒரு பகுதியைத்தான். ஐந்தாறு ஆட்டை மெலியவிடுவதைவிட இரண்டை நன்றாக வளர்ப்பதில்தான் காசு இருக்கிறது. கிடாய்க்குட்டியைக் காலத்தோடு விற்றுவிடுங்கள்.

காணிக்கான பத்திரம் இன்னும் கைக்கு வராதவர்கள் வேலி நடத் தயங்குவது எங்களுக்கு விளங்குகிறது. பத்திரம் வரும்வரை தடிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, மண் நிரப்பிய பைகளில் வேர்பிடிக்க வையுங்கள். எந்த இடம் உங்களுக்கு என்று முடிவானாலும் அங்கே தூக்கிச் செல்லலாம்.