கிராங்க் தண்டுக் கப்பியின் போல்ட்: தேர்வும் பொருத்தும் முறையும்

காய்கறியும் வாழைத்தாரும் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் வேன்களும், வாடகைக் கார்களும் இன்று அநேகமாக எல்லா ஊர்களிலும் உள்ளன. அவற்றைப் பழுது பார்க்கும் சிறு பட்டறைகளும் பெருகியுள்ளன. அப்பட்டறைகளில் பெரிதும் அலட்சியம் செய்யப்படும் ஓர் உறுப்பைப் பற்றி இங்கே ஆராய்வோம்.

எஞ்சினின் முன்புறத்தில், கிராங்க் தண்டின் நுனியில், ஒரு கப்பி மாட்டப்பட்டிருக்கும். மின்னாக்கியைச் சுழற்றும் பெல்ட் அதன்மீது ஓடுகிறது. அக்கப்பியைத் தண்டோடு இறுக்கிப் பிடிப்பது நடுவிலுள்ள ஒரே போல்ட் ஆகும். வால்வுகளின் இயக்கத்தை நெறிப்படுத்தும் டைமிங் பல்சக்கரமும் பல எஞ்சின்களில் இதன் பிடியிலேயே இருக்கிறது.

‘கப்பி நழுவாதிருக்கச் சாவி இருக்கிறதே’ எனச் சிலர் கேட்பர். சாவி பெரும்பாலும் கப்பியின் நிலையைக் குறிப்பதற்கே. சுமையைத் தாங்குவது இறுக்கத்தால் உண்டாகும் உராய்வு. போல்ட் தளர்ந்தால் கப்பி அசையும், சாவியும் அதன் பள்ளமும் தேயும், டைமிங் பிசகும். பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டன்மீது மோதும். சாவியே இல்லாத எஞ்சின்களும் உள்ளன என்பதை நினைவிற் கொள்க. 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் தொடக்ககால எஞ்சின்களில் தண்டின் மூக்கு குட்டையாக இருந்தமையால் இத்தேய்மானம் பலருக்கு நேர்ந்தது. 1991-இல் அம்மூக்கை நீளமாக்கினர்.

எமது வட்டாரத்தில் ஒருவர் கடன் பெற்று வாங்கிய வேன், டைமிங் பெல்ட் மாற்றிய சில வாரங்களில் நின்றுவிட்டது. பட்டறையில் பழைய போல்ட்டையே கைமதிப்பாக இறுக்கியிருந்தனர். சாவிப்பள்ளம் தேய்ந்து தண்டையே மாற்ற நேர்ந்தது. அறுவடைப் பருவம் முழுவதும் வண்டி நின்றது. கடன் தவணையோ நிற்கவில்லை.

புதிய போல்ட் வாங்கும்போது பருமன் ஒன்றை மட்டும் பார்த்தல் போதாது. 14 மில்லிமீட்டர் போல்ட்டில் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டராகவும் இருக்கும், 2 ஆகவும் இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டொரு சுற்றில் இறுகி, தண்டின் மரையைக் கெடுத்துவிடும். நீளம் மிகுந்தால் நுனி துளையின் அடியில் முட்டி, கப்பியைப் பிடிக்காமலே இறுகியதுபோல் தோன்றும். தலையில் 8.8, 10.9 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 10.9 என்பது சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன் இழுவிசை தாங்கும் எஃகு. அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை நிலையாக நீளாது. கடைக்காரர் தரும் ஏதோவொரு போல்ட்டை ஏற்காமல், எஞ்சின் எண்ணைச் சொல்லி அதற்குரியதையே வாங்குக. வாஷரும் அதற்குரியதாகவே இருத்தல் வேண்டும்.

சில போல்ட்டுகளை முதலில் குறித்த அளவு இறுக்கி, பின்னர் 90 பாகை போலக் குறித்த கோணம் திருப்புமாறு கையேடு கூறும். இவற்றுட் பல இறுகும்போதே சற்று நீண்டுவிடுவன. கழற்றியபின் மீண்டும் பயன்படா. புதிய போல்ட்டின் விலைக்கு அஞ்சுவது இவ்விடத்தில் சிக்கனமன்று.

பொருத்துமுன் பேட்டரி இணைப்பை நீக்குக. துளையிலுள்ள எண்ணெயையும் அழுக்கையும் அகற்றுக. மரையில் எண்ணெய் இடலாமா என்பதைக் கையேடே தீர்மானிக்க வேண்டும். முறுக்கு விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாவதால், எண்ணெய் பட்டால் அதே முறுக்கில் இறுக்கம் வெகுவாக மாறும். தண்டு சுழலாதபடி ஃபிளைவீலை அதற்குரிய கருவியால் நிறுத்துக. டைமிங் பெல்ட்டைப் பிடித்து நிறுத்துதல் கூடாது. பழைய போல்ட்டைக் கழற்ற, ஸ்பானரைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஸ்பானர் பறந்து ஆளை ஊனமாக்கக் கூடிய அவ்வழக்கத்தை நாம் அறவே ஆதரிப்பதற்கில்லை.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். ஒரு மீட்டர் நீளப் பிடியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது சுமார் 98 நியூட்டன் மீட்டர். கையேட்டின் எண்ணைப் புரிந்துகொள்ள இது உதவும். முடிந்தபின் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, டைமிங் குறிகள் நேராக நிற்கின்றனவா எனக் காண்க.

ஊராட்சி வண்டி பட்டறைக்குச் சென்று திரும்பும்போது, உறுப்பினர்கள் பற்றுச்சீட்டில் புதிய போல்ட்டின் விலை உள்ளதா எனப் பார்ப்பதுடன், எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கப்பட்டது என்பதையும் அதில் எழுதி வாங்குக.