கம்பியைக் குறை சொல்லாதே

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

நீ வாங்கியிருக்கும் 1969 டாட்ஜ் சார்ஜரின் படங்கள் வந்து சேர்ந்தன. தகரம் திடமாக இருக்கிறது, தரையில் துருவும் அதிகமில்லை. நல்ல வண்டியாகத்தான் பிடித்திருக்கிறாய். ஆனால் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறாயே, “வயரிங் ஐம்பது வருஷப் பழசு மாமா, இத்துப்போயிருக்கும். சீட், கார்பெட், டேஷ் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுகிறேன். அப்புறம் புது ஹார்னஸ் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்” என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வேலையின் வரிசையும் தவறு, அதற்கு நீ சொல்லும் காரணமும் தவறு. வரிசையைப் பின்னால் சொல்கிறேன். காரணத்தை முதலில் பார்ப்போம். அதில் தெளிவு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பழைய வண்டியில் கோளாறு என்றாலே எல்லோரும் கம்பியைத்தான் குறை சொல்கிறார்கள். செம்புக்கு வயதாவதில்லை, கதிர். என்ஜின் பக்கத்து ஹார்னஸ் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து வறண்டு வெடித்திருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும். டேஷுக்குப் பின்னால் இருக்கும் கம்பி அப்படியில்லை. யாரும் கை வைக்காமல் விட்டிருந்தால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது இணைப்பு. ஒரு டெர்மினலும் இன்னொரு டெர்மினலும் தொடும் இடம், நட்டும் போல்ட்டும் தொடும் இடம், எர்த் கம்பி தகரத்தைத் தொடும் இடம். நம் ஊர் மெக்கானிக் ‘லூஸ் கான்டாக்ட்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவாரே, அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளின் மின்கோளாறுகளில் பெரும்பங்கு அதுதான்.

உன் சார்ஜரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. டாட்ஜ் உட்பட அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிகளில் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த கறுப்புக் கம்பி, ஃபயர்வாலில் இருக்கும் பல்க்ஹெட் கனெக்டர் வழியாக டேஷுக்குள் நுழைந்து ஆம்மீட்டருக்குப் போகிறது. ஆம்மீட்டரின் மறுமுனையிலிருந்து சிவப்புக் கம்பி கிளம்பி, மறுபடியும் அதே கனெக்டரைத் தாண்டி வெளியே வந்து, ஃபியூசிபிள் லிங்க் வழியாக பேட்டரிக்குப் போகிறது. ஹெட்லைட், இக்னிஷன், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றுக்கான கிளைகள் ஆம்மீட்டருக்கு முன்பே, கறுப்புக் கம்பியிலிருந்து பிரிந்துவிடுகின்றன. பேட்டரி நிறைந்திருக்கும்போது ஆல்டர்னேட்டர் இந்தக் கிளைகளை நேரடியாக ஊட்டும். ஆம்மீட்டர் வழியே ஏறக்குறைய எதுவும் போகாது. நல்ல ஏற்பாடு. இதை வடிவமைத்தவர்களை முட்டாள்கள் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கெடுதல் பின்னால் வந்தது. அந்தக் கனெக்டருக்குள் இருப்பவை பேக்கார்டு 56 வகையைச் சேர்ந்த தட்டை நாக்கு டெர்மினல்கள். புதிதில் கச்சிதமாகப் பிடிக்கும். ஈரமும் அதிர்வும் சேரச் சேர, பெண் டெர்மினலின் பிடி தளர்ந்து, மேலே ஒரு படலம் படியும். அந்த இடத்தில் 0.05 ஓம் தடை மட்டுமே சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள். 30 ஆம்பியர் அதன் வழியே போனால் 1.5 வோல்ட் அங்கேயே தொலைகிறது. 45 வாட் சூடாக மாறுகிறது. உன் மேஜையில் இருக்கும் சால்டரிங் அயர்னே அநேகமாக அவ்வளவு வாட் இருக்காது. ஒரு சால்டரிங் அயர்னைப் பற்றவைத்து ஃபயர்வாலுக்குள் செருகிவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். சூட்டில் டெர்மினலின் விறைப்பு போய், பிடி இன்னும் தளர்கிறது, தடை கூடுகிறது, சூடு மேலும் ஏறுகிறது. கடைசியில் கனெக்டரின் பிளாஸ்டிக் உருகுகிறது. உடனே “பழைய வயரிங், அதான் எரிந்துவிட்டது” என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்!

இங்கே காருக்கு மின் ஸ்டார்ட்டரைத் தந்த கெட்டரிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையைப் படிக்காமல் கார் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு முடியாத காரியம். ஓஹையோ மாநிலத்து டேட்டனில் கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கல்லாவை மின்மோட்டாரால் திறக்க வழி கண்டவர் அவர். ஓயாமல் ஓட வேண்டிய மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும். சில நொடி மட்டும் முழு மூச்சாக உழைத்துவிட்டு ஓய்ந்துவிடும் மோட்டார் சிறிதாக இருந்தாலே போதும் என்பதை அங்கே கண்டுகொண்டார். அதே அறிவைத்தான் கார் ஸ்டார்ட்டருக்கும் கொண்டு வந்தார். 1912 கேடிலாக் கைப்பிடி சுற்றாமல் கிளம்பியது அதனால்தான். மின்சாரத்தின் அளவோடு அது எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம்.

அந்தப் பாடம் உன் கனெக்டருக்கு அப்படியே பொருந்தும். வண்டி கிளம்பியதும் சில நிமிடம் சிவப்புக் கம்பி வழியே சார்ஜ் ஏறுவதை அது சுலபமாகத் தாங்கும். செத்துப்போன பேட்டரியை ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டு, “ஓடினால் சார்ஜ் ஏறிவிடும்” என்று ஒரு மணி நேரம் ஓட்டினால் தாங்காது. அவ்வளவு நேரமும் பேட்டரியை ஏற்ற ஆல்டர்னேட்டர் அனுப்பும் மின்சாரம் அத்தனையும் அந்த இரண்டு டெர்மினல்களையும் ஆம்மீட்டரையும் கடந்தாக வேண்டும். பேட்டரி இறங்கினால் வீட்டில் சார்ஜர் போட்டு ஏற்று. இதில் சமாதானமே கிடையாது.

இதைவிட மோசமானது இன்னொன்று. இப்போது எல்லோரும் மின்விசிறி, பெரிய ஸ்டீரியோ என்று வாங்கி, “பேட்டரியிலிருந்தே எடுத்துவிட்டேன், பத்திரம்” என்று நேராக பேட்டரி முனையில் மாட்டிவிடுகிறார்கள். இந்த வண்டியில் பேட்டரி ஆம்மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே மாட்டிய ஒவ்வொன்றுக்கும் ஆல்டர்னேட்டர் ஊட்டும் மின்சாரம் கனெக்டரை இருமுறை தாண்டித்தான் போகிறது. நீ எதைப் புதிதாகச் சேர்த்தாலும் ஆல்டர்னேட்டர் பக்கத்திலிருந்து, தனி ஃபியூஸும் ரிலேயும் போட்டு எடு. ஹெட்லைட்டுக்கும் ரிலே போடு. விளக்கின் முழு மின்சாரத்தையும் டேஷிலுள்ள சுவிட்ச் சுமக்காமல் இருந்தால் சுவிட்ச் பிழைக்கும், வெளிச்சமும் கூடும்.

ஹார்னஸ் வாங்கும் முன் சோதித்துப் பார். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. கம்பியில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது பூஜ்யம் காட்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டும். என்ஜினை ஐட்லிங்குக்குக் கொஞ்சம் மேலே ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஹீட்டர் ஃபேனையும் போடு. மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, அதன் ஒரு முனையை இணைப்பின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல இணைப்பு. 0.3 காட்டினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இணைப்பைப் பிரித்துப் பார். டெர்மினல் பழுத்து நிறம் மாறியிருக்கும். சுரண்டிவிட்டு மறுபடி செருகாதே. பிடி போன டெர்மினலுக்குப் பளபளப்பு மட்டும் போதாது. சரியான கிரிம்பிங் கருவியால் புது டெர்மினல் போடு. கறுப்பு, சிவப்புக் கம்பிகளின் சுமையைக் குறைக்க ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு வெளியாலேயே ஒரு கம்பி இணையாகப் போடலாம். அதற்கும் ஃபியூசிபிள் லிங்க் கட்டாயம். 12 கேஜ் கம்பிக்கு 16 கேஜ் லிங்க், அதாவது நான்கு எண் மெல்லியது.

அடுத்தது எர்த். பழைய துருப்பிடித்த வண்டியில் எரிந்த விளக்கு, புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் எரியாமல் போவதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். விளக்கு ஹோல்டர், ஹீட்டர் மோட்டார், டேஷ் சட்டம் எல்லாமே தகரத்தின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும் பாதையைப் பெறுகின்றன. பெயின்ட் அதை அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு எர்த் போல்ட்டின் கீழும் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தைக் காட்டு. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டையை மறக்காதே. அது இல்லாவிட்டால் திரும்பும் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் புகுந்து அவற்றைச் சுட்டுவிடும்.

பெட்ரோல் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் ஒன்றாக மேலே ஏறினால் இரண்டு மீட்டரையும் மாற்றாதே. அவை 12 வோல்ட்டில் ஓடுவதில்லை. ஒரு சின்ன லிமிட்டர், தொட்டும் விட்டும் துடித்து, சராசரியாக 5 வோல்ட் அளவுக்கு ஊட்டுகிறது. சில டேஷில் அது தனி டப்பா; சிலவற்றில் மீட்டருக்குள்ளேயே இருக்கும். அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் முழு வோல்ட்டும் பாய்ந்து மீட்டர்களை எரித்துவிடும்.

“புதுக் கம்பி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பவர்களுக்கு அந்தக் காலத்து மஸ்டாங் ஒன்றைக் காட்ட வேண்டும். அதன் டேஷுக்குப் பின்னால் இளஞ்சிவப்பில் ஒரு கம்பி ஓடும். அது வேண்டுமென்றே தடையுள்ள கம்பி. இக்னிஷன் காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைப்பது அதன் வேலை. விவரம் தெரியாமல் அதை எடுத்துவிட்டு நல்ல செம்புக் கம்பி போட்டால் பாயின்ட்டும் காயிலும் கருகும். உன் வண்டியில் அந்த வேலையை ஃபயர்வாலில் இருக்கும் பீங்கான் ரெசிஸ்டர் செய்கிறது. அது சுடுவது கோளாறல்ல, இயல்பு.

இனி வரிசை. பின்பக்க விளக்குகளுக்குப் போகும் ஹார்னஸ் டிரைவர் பக்கத்துக் கதவடிப் பட்டையை ஒட்டி, கார்பெட்டுக்குக் கீழே ஓடுகிறது. கார்பெட்டை விரித்து, பட்டையைத் திருகிவிட்டு, பிறகு வயரிங் என்றால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். அந்தப் பட்டையின் ஸ்க்ரூ ஹார்னஸைக் குத்தி, பிரேக் லைட் ஃபியூஸ் போவது இந்த வண்டிகளில் சகஜம். ஆகவே முதலில் தரைத் தகரம், தண்ணீர் ஒழுகும் இடங்கள். வாளித் தண்ணீரை முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கௌலில் ஊற்றி, உள்ளே சொட்டுகிறதா என்று படுத்துப் பார். அடுத்து சத்தம் தடுக்கும் தார் விரிப்பு. அதற்கு மேல் வயரிங். எல்லா விளக்கும் எரிந்த பிறகு கூரைத்துணி, பிறகு கார்பெட், கடைசியில் கதவுப் பலகையும் சீட்டும்.

கூரைத்துணியைக் கழற்றும்போது அதைத் தாங்கும் கம்பி வளைவுகளுக்கு முன்னிருந்து பின்னாக 1, 2, 3 என்று எண் கட்டு. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். வளைவு ஒவ்வொன்றுக்கும் வேறு. மாறிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் சுருக்கம் போகாது. கதவுப் பலகைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய தார்க்காகிதத்தைக் குப்பை என்று வீசிவிடாதே. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீரைப் பலகை பக்கம் வராமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ரெக்ஸின் ஒட்டிய அட்டைப்பலகை ஊறி உப்பிவிடும். புதுக் காகிதம் வெட்டி, ஓரமெல்லாம் ஒட்டு.

சீட்டைப் பிரிக்கும்போது அவசரமே கூடாது. பழைய உறையைப் பிடித்திருக்கும் வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி, ஸ்பிரிங்குக்குள் டார்ச் அடித்துப் பார். தொழிற்சாலையில் வண்டியோடு வந்த பில்ட் ஷீட் அங்கே சுருண்டு கிடக்கலாம். கிரைஸ்லர் வண்டிகளில் பலருக்கும் அங்கேதான் கிடைத்திருக்கிறது. எந்த என்ஜின், எந்த நிறம், எந்தத் துணி என்று உன் வண்டியின் ஜாதகமே அதில் இருக்கும். அதையும் ஃபெண்டர் டேகில் இருக்கும் டிரிம் குறியீட்டையும் ஒப்பிட்ட பிறகு சீட் கவர் ஆர்டர் செய். கவர் வந்ததும் வெயிலில் விரித்து இளகவிடு. குளிர்ந்த ரெக்ஸினை இழுத்தால் தையல் பிரியும். ஹார்னஸைச் சுற்ற, ஒட்டும் டேப் வாங்காதே. சூட்டில் அதன் பசை உருகிப் பிசுபிசுக்கும். தொழிற்சாலையில் சுற்றியது பசையில்லாத டேப். இப்போதும் கிடைக்கிறது.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆல்டர்னேட்டர் போல்ட்டிலிருந்து ஹெட்லைட் சுவிட்ச் வரை, சுவிட்சிலிருந்து விளக்கு வரை, விளக்கின் எர்த்திலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரை என்று மூன்று அளவு எடு. விளக்கு எரியும்போது எடு. மூன்றையும் எழுதி எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு ஹார்னஸ் வேண்டுமா, நான்கு டெர்மினல் போதுமா என்று சொல்கிறேன். கார்பெட் ஆர்டரை அதுவரை நிறுத்தி வை.

அன்புடன்,
மாமா