குளியலறைக் கணக்கைக் குழியிலிருந்து ஆரம்பிப்போம்



"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். முழு வீடு கூட வேண்டாம். ஐந்தடிக்கு ஏழடி குளியலறை ஒன்றைத் திருத்தப் போனாலே அந்தப் பழமொழியின் அர்த்தம் விளங்கிவிடும். ஒரு வாரத்தில் முடியும் என்று ஆரம்பித்த வேலை ஒரு மாதம் இழுக்கும். சீட்டுப் பணம் தீர்ந்துபோய், காதுத்தோடு அடகுக் கடைக்குப் போகும். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் சுவரில் பூப்போட்ட டைல்ஸ் மின்னும். தண்ணி மட்டும் போக வேண்டிய பக்கம் போகாது.

குளியலறையும் மலசலகூடமும் திருத்துவதற்கு என்ன செலவாகும், அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதே இம்முறைப் பாடம். "இவ்வளவு ரூபா" என்று ஒரே தொகையை நாங்கள் எழுதப் போவதில்லை. விலை மாறிக்கொண்டே இருக்கும். அளவைக் கணக்கெடுக்கும் முறை மாறாது. அதைப் படித்துக்கொண்டால் எந்த வருடமும் உதவும்.

1. கடற்கரை ஊர் சொல்லும் பாடம்

இந்தப் பாடத்தைக் கல்முனைக் கரையிலிருந்து ஆரம்பிக்கிறோம். மலையில் இருக்கிற நமக்குக் கடற்கரை எதற்கு என்று கேட்பீர்கள். நிலத்துக்கு அடியில் செய்கிற பிழை மலையில் மெதுவாகத்தான் வெளியே வரும். மணலில் சீக்கிரம் தெரிந்துவிடும். அதனால் அங்கே படிப்பது சுலபம்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் இடையிலே உண்டு. மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் நாடறிந்தவை. அங்கே வீடுகள் நெருக்கம், காணி சிறிது, நிலம் மணல். சில அடி தோண்டினாலே தண்ணீர் வரும். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. கிணற்றில் அள்ளுவது அந்தத் தண்ணீரைத்தான். மலசலகூடக் குழி இறங்குவதும் அதே மணலில்தான்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். வீடுகளோடு கிணறுகளும் மலசலகூடங்களும் போயின. உப்பு நீர் நிறைந்த கிணறுகளைச் சுத்தம் செய்வதற்காக அவசரப்பட்டு இறைக்க இறைக்க, அடியிலிருந்த உப்பு நீர் இன்னும் மேலே ஏறியது. மேலே நாம் செய்வதற்கு அடியிலே ஒரு பதில் உண்டு என்பதைக் கிழக்குக் கரை அன்று கண்ணால் கண்டது.

வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கு முழுச் சேதத்துக்கு 250,000 ரூபாவும், பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபாவும் உதவியாக வழங்கப்பட்டன. அந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வரவில்லை. ஒரு கட்ட வேலை முடிந்து, பார்வையிட்ட பின்புதான் அடுத்த பகுதி கிடைத்தது. இந்த முறையை மனதில் வையுங்கள். பாஸுக்குக் காசு கொடுக்கும் இடத்தில் திரும்பவும் வருவோம்.

அந்த ஊர்களில் இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. முஸ்லிம் மக்கள் மலசலகூடத்தில் கிப்லாவை, அதாவது தொழும் திசையை, முன்னோக்கியோ பின்னோக்கியோ உட்கார்வதைத் தவிர்ப்பார்கள். இலங்கையிலிருந்து அந்தத் திசை மேற்கிலிருந்து சற்று வடக்கே. ஆகையால் பேனை எந்தப் பக்கம் வைப்பது என்பதை முதல் குழாய் பதிக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பிறகு திருப்புவதென்றால் தரையையும் உடைக்க வேண்டும், அடிக்குழாயையும் கழற்ற வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு செலவு. தொழுகைக்கு முன் ஒழு எடுக்கவும் சுத்தமான தனியிடம் வேண்டும். அதனால் மலம் போகும் குழாய் வேறு, கை கால் கழுவிய நீர் வேறு என்ற எண்ணம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. மார்க்கம் எதுவானாலும் இந்த யோசனை நமக்கும் பயன்படும்: இடத்தையும் திசையையும் முதலில் முடிவு செய்யுங்கள், கடப்பாறையைப் பிறகு எடுங்கள்.

2. ஐம்பது அடிக் கணக்கு

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. பேரிடர் உதவிகளுக்கான ஸ்பியர் என்ற சர்வதேச வழிகாட்டி இன்னும் கடுமையானது. 30 மீட்டர், அதாவது சுமார் 100 அடி தள்ளியிருக்க வேண்டும், குழியின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்கிறது.

இதைக் காணியில் அளந்து பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வைத்தால் சொந்தக் கிணறு தப்பும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கிணறு இருக்குமே! கல்முனை மாதிரி நெருக்கமான ஊரில் ஒரு வீட்டுக் குழி நாலு வீட்டுப் பிரச்சினை.

அதனால்தான் இப்படியான மணல் நிலத்துக்கு அடியும் பக்கமும் சீமெந்தால் அடைத்த தொட்டி நல்லது என்கிறோம். மலம் தொட்டியிலே தங்கும். தெளிந்த நீர் மட்டும் உயரமான ஊறுகுழிக்குப் போகும். நிறைந்தால் பௌசர் வந்து உறிஞ்சும். இது வெறும் குழியைவிடச் செலவு கூடியது. ஆனால் வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற செலவையும், வேலைக்குப் போகாமல் இழக்கும் பேரையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

3. நம்ம மலையில்

2015க்குப் பிறகு தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டப்பட்டன. 7 பேர்ச் என்பது சுமார் 1,905 சதுர அடி. சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 44 அடிகூட இல்லை. ஆக, கல்முனைக்காரரின் நெருக்கடி நமக்கும் உண்டு. இங்கே கூடுதலாக ஒரு சங்கதி: சரிவு. மேல் லயத்துக் குழியில் ஊறுவது கீழ் லயத்துப் பீலிக்கு வரலாம். ஆகையால் அளவு நாடா எடுத்து வீட்டைச் சுற்றி மட்டும் அளந்தால் போதாது. சரிவில் கீழே இறங்கி, ஊற்று எங்கே, பீலி எங்கே, குடிநீர்த் தொட்டி எங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

குளிக்கும் நீரைச் சரிவில் சும்மா விடவும் கூடாது. மண்ணை அரிக்கும், கீழ் வீட்டுச் சுவரை நனைக்கும். புதிய அறைக்காக மேட்டை வெட்டுவதென்றால் முதலில் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசீலனை தேவைப்படும்.

4. அளவெடுப்போம்

பிள்ளைகளைக் கொப்பி பென்சிலோடு பக்கத்தில் உட்கார வையுங்கள். 5 அடி அகலம், 7 அடி நீளம் உள்ள அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

தரை: 5 × 7 = 35 சதுர அடி.

சுவர்: சுற்றளவு 24 அடி. 4 அடி உயரத்துக்கு டைல்ஸ் பதித்தால் 96 சதுர அடி. இரண்டரை அடிக் கதவுக்கு 10 கழித்தால் 86.

மொத்தம் 121 சதுர அடி. உடைவதற்கும் வெட்டுவதற்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் சுமார் 133.

கவனித்தீர்களா? தரையைப் போல இரண்டரை மடங்கு சுவருக்குப் போகிறது. சுவரைச் சீமெந்து பூசி மினுக்கிவிட்டுத் தரைக்கு மட்டும் டைல்ஸ் என்றால், உடைவோடு சேர்த்து 39 சதுர அடி போதும். வழுக்காத, சொரசொரப்பான டைல்ஸ் வாங்குங்கள். வீட்டில் அப்பாயியோ தாத்தாவோ இருந்தால் இது முக்கியம்.

தரைக் கொங்கிரீட்: 35 சதுர அடியை 3 அங்குலக் கனத்துக்குப் போட்டால் 8¾ கன அடி. ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு சல்லி என்ற கலவைக்கு இரண்டு மூடை சீமெந்து போதும்.

தரைச் சரிவு: அடிக்குக் கால் அங்குலம். 7 அடிக்கு ஒன்றே முக்கால் அங்குலம் இறங்க வேண்டும்.

குழாய்ச் சரிவு: 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1. குழி 20 அடி தூரமென்றால் 6 அங்குலம் இறக்கம்.

சரிவுக்குக் காசு செலவில்லை, கவனம்தான் செலவு. ஆனால் சரிவு பிழைத்தால் மேலே போட்ட டைல்ஸ் எல்லாவற்றையும் உடைத்துத்தான் திருத்த வேண்டும்.

5. மூடையும் பேரும்

விலையை ரூபாவில் மட்டும் நினைத்தால் ஏமாந்துபோவோம். நாட்கூலியில் நினைத்துப் பாருங்கள். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அந்த வருட ஆரம்பத்தில் 50 கிலோ சீமெந்து மூடையும் ஏறக்குறைய ஆயிரம்தான். ஒரு பேருக்கு ஒரு மூடை. 2022 நடுப்பகுதியில் மூடை மூவாயிரம் அளவுக்குப் போனது, சம்பளம் அப்படியே நின்றது. ஒரு மூடைக்கு மூன்று பேர்! பத்து மூடை வேலைக்குப் பத்து நாள் உழைப்பு போதுமென்று இருந்தவர் முப்பது நாள் உழைக்க வேண்டி வந்தது.

ஆகையால் கொப்பியில் நாலு கோடு போடுங்கள்: பொருள், அளவு, இன்றைய விலை, எத்தனை நாள் சம்பளம். இரண்டு ஹார்ட்வெயார் கடையிலாவது விலை கேளுங்கள். மணலையும் சல்லியையும் மலைக்கு ஏற்றும் லொறிக் கூலியையும், ரோட்டிலிருந்து லயத்துக்குச் சுமக்கும் கூலியையும் மறக்காதீர்கள். கடைசியில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து ரூபா தனியாக ஒதுக்குங்கள். பழைய தரையை உடைத்தால் அடியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

6. காசு போதாவிட்டால்

எழுதும் வரிசை இதுதான்: குழி, குழாய், தரை, சுவர், கடைசியில் அலங்காரம். காசு குறைந்தால் கீழிருந்து குறைக்காதீர்கள், மேலிருந்து குறையுங்கள். டைல்ஸ் அடுத்த தீபாவளிக்குப் போடலாம். கொமட்டையும் பிறகு வைக்கலாம். நல்ல பேனும் அதன் நீரடைப்பும் இருந்தால் நாற்றமும் ஈயும் வராது. குழியை மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்று விடக்கூடாது.

நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்து, கிணறும் ஊற்றும் தூரமாக இருந்தால் இரட்டைக் குழி ஒரு நல்ல வழி. இந்தியாவில் 1970இல் சுலப் இயக்கத்தை ஆரம்பித்த பிந்தேஸ்வர் பாதக் பரப்பிய முறை இது. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி, மற்றக் குழிக்குத் தண்ணீரைத் திருப்புவார்கள். மூடிய குழி இரண்டு வருடம் கிடந்தால் உள்ளே இருப்பது எருவாகிவிடும். குளிக்கிற தண்ணீரை எந்தக் குழிக்கும் விடாதீர்கள், சீக்கிரம் நிறைந்துவிடும். அதற்கென்று சல்லி போட்ட சிறிய ஊறுகுழி வைத்து, பக்கத்தில் வாழை நடுங்கள்.

ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கும் வழி நிபந்தனைகளோடு உண்டு. ஆனால் அது உங்கள் வயதான காலத்துக் கஞ்சி. பூப்போட்ட டைல்ஸுக்காக அதைத் தொட வேண்டாம்.

7. பாஸோடு பேசும்போது

"எல்லாம் நான் பாத்துக்கிறேங்க, நீங்க காச மட்டும் குடுங்க" என்பார் பாஸ். நல்ல மனிதராகவே இருக்கலாம். இருந்தாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு வீட்டு உதவி கொடுத்த மாதிரியே பணத்தை நாலு கட்டமாகக் கொடுங்கள்.

குழியும் குழாயும் முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தயங்காமல் குழிக்குப் போனால் முதல் பணம். தரை காய்ந்ததும் இன்னொரு வாளி. எங்கும் குட்டை கட்டாமல் ஓடினால் இரண்டாவது பணம். சுவர் வேலை முடிந்தால் மூன்றாவது. கதவும் பைப்பும் பூட்டி ஒரு வாரம் பாவித்த பிறகு கடைசிப் பணம். வாளிக்குக் காசு இல்லை, ஆனால் அதைவிட நல்ல பரிசோதகர் கிடைக்க மாட்டார். குடிநீரில் சந்தேகமிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

• நம்ம கக்கூஸ் குழியிலிருந்து பக்கத்து ஊற்றோ பீலியோ எத்தனை அடி தூரம்?
• நாம் குளிக்கும் தண்ணீர் யாருடைய வாசலில் போய் நிற்கிறது?
• நம்ம குளியலறைக்குத் தரை டைல்ஸ் எத்தனை சதுர அடி? சுவரோடு சேர்த்தால் எத்தனை?
• அந்தச் செலவு எத்தனை நாள் சம்பளம்?

இந்த நாலு கேள்விக்கும் கொப்பியில் பதில் எழுதி முடித்த பிறகு பாஸைக் கூப்பிடுங்கள். மின்னும் சுவரை விருந்தாளி ஒரு நாள் பார்த்து மெச்சிவிட்டுப் போவார். சுத்தமான தண்ணீரை நம் பிள்ளைகள் தினமும் குடிப்பார்கள்.