கண்வில்லையும் கண்ணமுக்கமும்

அல்லாஹ் நமக்களித்த அருட்கொடைகளுள் பார்வை பெறுமதி மிக்கது. நாற்பது வயதைத் தாண்டிய உம்மா, ஊசியில் நூல் கோர்க்கும்போது கையைத் தூர நீட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அவரது கண்ணினுள் நடப்பதென்ன?

கண்மணிக்குப் பின்னால் ஏறத்தாழ 4 மி.மீ. தடிப்புள்ள வில்லை இருக்கிறது. மெல்லிய இணையங்கள் அதனைப் பிசிர்த்தசையுடன் தொடுக்கின்றன. அருகிலுள்ள பொருளைப் பார்க்கையில் தசை சுருங்கும், இணையங்கள் தளரும், வில்லை தன் மீள்தன்மையால் குவிந்து தடிக்கும். தூரத்தைப் பார்க்கையில் இணையங்கள் இழுபட, அது தட்டையாகும். வயது செல்லச் செல்ல வில்லை இறுகிவிடுவதால் இவ்வாறு வடிவம் மாற முடிவதில்லை. இதுவே வெள்ளெழுத்து.

கண்ணினுள் அமுக்கமும் உண்டு. பிசிருடலில் சுரக்கும் நீர்மயவுடனீர், வில்லைக்கும் கதிராளிக்கும் இடையால் ஓடி, கதிராளியின் ஓரத்திலுள்ள கோணத்தினூடாக வடிகிறது. குருதிக்குழாய்கள் இல்லாத வில்லைக்குப் போசணை தருவதும் இந்நீரே. சுரப்பும் வடிப்பும் சமப்பட்டிருந்தால் அமுக்கம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. இரசம் வரை இருக்கும்.

இவ்வமுக்கம் வில்லையை நசுக்காதா? நசுக்காது. நீரில் அமிழ்ந்த பொருளைப் போல, அது முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகவே அமுக்கப்படுகிறது. வடிவத்தை மாற்றுவது இணையங்களின் இழுவையே.

ஆனால் வடிகால் திடீரென அடைபட்டால் அமுக்கம் 50 மி.மீ. இரசத்தையும் தாண்டலாம். கண் சிவந்து கடுமையாக வலிக்கும்; வாந்தி வரும்; விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அப்போது வில்லையின் முன்புறக் கலங்கள் இறந்து, வெண்புள்ளிகள் தழும்பாக நின்றுவிடலாம். மறுபுறம், வயதோடு பருக்கும் வில்லை கதிராளியை முன்தள்ளி, வடிகாற் கோணத்தை ஒடுக்குவதும் உண்டு. ஒன்றின் கேடு மற்றதையும் தாக்குகிறது.

இன்னொரு வகைக் குளுக்கோமா வலியே இல்லாமல் பார்வை நரம்பை மெல்ல அழிக்கிறது. அவ்வாறு இழந்த பார்வை மூக்குக் கண்ணாடியால் மீளாது. வைத்தியரின் ஆலோசனையின்றி ஸ்டெரொயிட் கலந்த சொட்டு மருந்தை நீண்டநாள் இடுவதும் அமுக்கத்தை உயர்த்தலாம்; வில்லையில் வெண்புரையையும் உண்டாக்கலாம்.

மாணவிகளே, உம்மா வாசிப்புக் கண்ணாடி வாங்கப் புறப்படும்போது, “கண் அமுக்கத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள்” என்று சொல்லுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் குளுக்கோமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வெள்ளெழுத்தைக் கண்ணே காட்டித்தரும். அமுக்கத்தை அளந்தால்தான் தெரியும். கண் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவது நம் கடமை.