கைவினையும் கைப்பேசியும்

நுழையும்முன்

உழைப்பின் விலையை யார் முடிவு செய்வது? வாங்குபவர் நண்பராகவும் இருக்கும்போது இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. சென்னையின் மேற்குப் புறநகர் வீடுகளில் நடைபெறும் கைவினை வணிகத்தின் வழியாக இதனை ஆராய்கிறது இப்பாடம்.

ஆலைகளின் அருகே

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டிலும் அம்பத்தூரில் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டிலும் தோன்றின. இவற்றைச் சார்ந்து வளர்ந்த குடியிருப்புகளில், ஆலைக் கணக்கில் வராத மற்றோர் உற்பத்தியும் நடைபெறுகிறது. சுடுமண் அணிகலன், மணிமாலை, ஆரி வேலைப்பாடு, துணிப்பை எனப் பல பொருள்கள் வீட்டுக் கூடங்களில் உருவாகின்றன.

ஆவடியில் வாழும் நரிக்குறவர் மக்கள் பாசிமணி கோத்து, மக்கள் கூடும் இடங்களைத் தேடிச் சென்று விற்பது நெடுநாளைய வழக்கம். குழந்தையையும் முதியோரையும் பேணியவாறு வீட்டிலிருந்தே கைவினை செய்யும் பெண்களுக்கு அவ்வாறு அலைதல் அரிது. கடை வைக்கவோ முதல் இல்லை. இவ்விரு தடைகளையும் கைப்பேசி ஓரளவு நீக்கியது.

அறிமுகமே அங்காடி

வாட்ஸ்அப் எனப்படும் புலனத்தின் வணிகச் செயலி 2018ஆம் ஆண்டு சனவரியில் அறிமுகமானது. பொருளின் படம், விலை, அளவு ஆகியவற்றை அடுக்கிக் காட்டும் வசதி அதில் உண்டு. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறை, பணம் பெறுவதை எளிதாக்கியது. பள்ளித்தோழியர், பக்கத்து வீட்டார், உறவினர் ஆகியோரே முதல் வாடிக்கையாளர் ஆயினர். ஒருவர் அணிந்த மாலையைக் கண்டு மற்றொருவர் கேட்க, அறிமுகம் விரிந்து அங்காடியானது.

நட்பும் விலையும்

அறிமுகம் தரும் நன்மையோடு சிக்கலும் உடன்வருகிறது. “நமக்குள் என்ன விலை?” என்னும் அன்பான கேள்விக்கு மறுமொழி கூறுவது கடினம். ஒரு கணக்கைக் காண்போம். ஒரு சுடுமண் மாலைக்கு மண், வண்ணம், கயிறு ஆகியவற்றுக்கு 120 ரூபாயும் பெட்டிக்கு 20 ரூபாயும் செலவாகிறது எனக் கொள்வோம். மண்ணைப் பிசைந்து, மணிகளை உருட்டி, நிழலில் உலர்த்தி, சுட்டு, வண்ணம் தீட்டிக் கோப்பதில் கைவேலை மட்டும் மூன்று மணி நேரம். அம்மாலையை நட்புக்காக 200 ரூபாய்க்குக் கொடுத்தால் எஞ்சுவது 60 ரூபாய். அதாவது, ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு 20 ரூபாய். உலர்த்தும்போது விரிசல் கண்ட மணிகளின் இழப்பைச் சேர்த்தால் அதுவும் குறையும்.

தன் உழைப்பைக் கணக்கில் எழுதாதவர், அதனை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். எனவே, எல்லாருக்கும் ஒரே விலையை முன்கூட்டியே எழுதிவைத்தல் நன்று. பரிசளிக்க விரும்பினால் பரிசாகவே அளிக்கலாம். விற்பனையையும் பரிசையும் கலப்பதே மனத்தாங்கலுக்கு வித்தாகிறது. நண்பருக்கும் கடமை உண்டு. வாங்க விருப்பமில்லை எனில் தயங்காமல் கூறலாம். வாங்கினால் உரிய விலையைக் கொடுப்பதே உதவி.

நம்பிக்கை என்னும் முதல்

திரையில் காண்பவர் பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாது. ஆகவே, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், சரியான அளவு, உடையும் தன்மை, அனுப்பும் நாள் ஆகியவற்றை மறைக்காது கூற வேண்டும். பிறர் வடிவமைத்த பொருளின் படத்தைத் தமது எனக் காட்டுவது திருட்டாகும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை என்பதையும் விற்பவர் மறத்தலாகாது. அவ்வெண்ணைக் கேட்பவர் ஏமாற்றுபவரே.

நடுவுநிலை பிறழாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெரு கைப்பேசித் திரையாகச் சுருங்கினாலும் அவ்வறம் மாறுவதில்லை. தோழியின் கழுத்தில் அழகு செய்யும் மாலைக்குப் பின்னே மூன்று மணி நேரம் குனிந்திருந்த ஒருவரின் உழைப்பு உண்டு. அதனை இருவரும் அறிந்து மதிக்கும்போது வணிகமும் வளரும்; நட்பும் நிலைக்கும்.

தெரியுமா?

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. கைவினைப் பொருள்களை விற்கும் ‘பூம்புகார்’ நிறுவனம் 1973ஆம் ஆண்டு முதல் செயல்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் செய்யப்படும் கைவினைப் பொருள் ஒன்றின் மூலப்பொருள் செலவு, உழைப்பு நேரம் ஆகியவற்றைக் கேட்டறிந்து உரிய விலையைக் கணக்கிடுக.
2. ‘நண்பருக்கு விலை குறைத்து விற்பது நட்பா, இழப்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.