கோல்ப் ஆட்டமும் உடற்பயிற்சியும்

கோல்ப் என்னும் ஆட்டத்தை முதன்முறை காண்போர் பலர், இஃது ஓய்வுபெற்ற முதியோர் மாலைப்பொழுதிற் புல்வெளியில் உலாவுதற்கு ஏற்படுத்திக்கொண்டதொரு சாக்கு என்றே கருதுவர். ஓட்டமில்லை, ஒருவரையொருவர் மோதுதலில்லை, அசையாது கிடக்கும் பந்தைக் கோலால் அடித்தலும், அது வீழ்ந்த இடம் நோக்கி நடத்தலுமே காணப்படும். ஆதலின், இதனையே தொழிலாகக் கொண்டார்க்கு உடற்பயிற்சி எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே. அவ்வினாவை ஒருசிறிது ஆராய்தலே ஈண்டு யாம் மேற்கொண்டது.

தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் பெரும்பந்தயமொன்றில் நான்கு நாட்களில் 72 குழிகள் ஆடுகின்றார். நாளொன்றுக்கு ஐந்து மைலுக்குக் குறையாத நடை; அதுவும் மேடும் பள்ளமுமான நிலத்தில். ஆயினும் நடையன்று அவர்தம் உடலை வருத்துவது, அடியே வருத்துவது. பந்தின் எடை 46 கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதனை நெடுந்தொலை செலுத்துங்கால், கோலின் முனை மணிக்கு 110 மைலுக்கு மேற்பட்ட விரைவினை எய்துகின்றது. மேலே உயர்த்திய கோல் கீழிறங்கிப் பந்தைத் தொடுதற்குச் செல்லும் காலமோ ஒரு விநாடியிற் காற்பங்கே.

இவ்விரைவு கையினாற் பிறப்பதென்று எண்ணுதல் பிழை. பாதம் நிலத்தை அழுத்துகின்றது; அவ்வழுத்தத்தால் இடுப்பு முதலிற் சுழல்கின்றது; இடுப்பைத் தொடர்ந்து மார்பும், மார்பைத் தொடர்ந்து புயமும், இறுதியிற் கோலும் சுழல்கின்றன. ஒவ்வோர் உறுப்பும் தன் விரைவை அடுத்ததற்கு ஈந்து தான் தளர்கின்றது. தினைப்புனங் காப்போர் கவண் சுழற்றிக் கல்லெறியுங்கால், கையினும் கயிறும், கயிற்றினும் கல்லும் விரைந்து செல்லுதலை ஒப்பது இது.

இனி, கோலை ஓங்குங்கால் தோள்கள் ஏறத்தாழ 90 பாகை திரும்ப, இடுப்பு 45 பாகையளவே திரும்புகின்றது. எஞ்சிய முறுக்கமெல்லாம் இடையிலுள்ள உடலிற் றங்குகின்றது. அடிக்குங்கால் கீழ்முதுகின் முள்ளெலும்புகள்மேல் விழும் அழுத்தம் உடலெடையைப்போல் எண்மடங்கு வரை செல்லும் என அளந்து கண்டுள்ளனர். 160 பவுண்டு எடையுள்ளவர் முதுகில் 1,280 பவுண்டு! அது நாடோறும் நூற்றுக்கணக்கான முறை, எப்போதும் ஒரே பக்கமாகவே நிகழ்கின்றது. இவ்வாட்டக்காரரைத் தாக்கும் நோய்களுள் முதுகுநோய் முன்னிற்பதில் வியப்பென்னை?

முன்னாளில் இவையெல்லாம் பொருட்படுத்தப்படவில்லை. பாரம் தூக்கினாற் றசைகள் இறுகிக் கையின் நுண்ணுணர்வு கெடும் என்பதே ஆட்டக்காரர் பலரின் கொள்கை. அக்கொள்கையை எதிர்த்து நின்றவருள் தலையாயவர் தென்னாப்பிரிக்கராகிய கேரி பிளேயர். 1935ஆம் ஆண்டிலே ஜோகானஸ்பர்க்கில் பொற்சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த இவர், உயரமோ பருமனோ உடையவரல்லர். தம்மினும் பெரிய உடலினரோடு போட்டியிடும் பொருட்டே பாரம் தூக்கலானார். 1965ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுப்பந்தயத்தை வென்று, நால்வகைப் பெரும்பந்தயங்களையும் வென்றோருள் மூன்றாமவரானார். அப்போது அவர்க்கு வயது 29. அதனினும் நாம் நோக்கற்பாலது 1978ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் பந்தயம். 42 வயதிலே, ஏழடி பின்தங்கி இறுதிநாளைத் தொடங்கியவர், 64 அடிகளில் அந்நாளை முடித்து வென்றார்.

பென் ஹோகன் வரலாறு வேறுவகையானது. 1949 பிப்ரவரியில் அவரது மோட்டார் வண்டிமீது பஸ் மோதியதால் இடுப்பெலும்பும் காறையெலும்பும் கணுக்காலும் முறிந்தன. பதினாறே திங்களில், கால்களிற் கட்டுக்களுடன் 1950ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுப்பந்தயத்தில் இறங்கினார். அக்காலத்தில் இறுதிநாளன்று ஒரே பகலில் 36 குழிகள் ஆடல் வேண்டும். அதனையும் முடித்து, மறுநாள் 18 குழிகள் மீண்டும் ஆடி வென்றார். (அக்கடுமுறை 1965 முதல் நீங்கிற்று.)

இக்காலப் பயிற்சி, இடுப்புமூட்டும் மேல்முதுகும் நன்கு திரும்பும் தன்மையினவா என ஆராய்தலில் தொடங்குகின்றது. அவை திரும்பாவிடின், அவற்றின் கடனைக் கீழ்முதுகு இறுக்க நேரும். அதுவோ மிகுதியாகத் திரும்புதற்கென அமைந்ததன்று. அடுத்து, தோளிற் பாரம் சுமந்து பஸ்கி எடுத்தலும், நிலத்திலிருந்து பாரம் தூக்குதலும் காலுக்கும் பிட்டத்திற்கும் வலிமை தருகின்றன. கனத்த பந்தை இடுப்பைச் சுழற்றிச் சுவரில் எறிதல் விரைவு தருகின்றது. நம் சிலம்பக்கூடங்களிலே கர்லாக்கட்டை சுழற்றுவோர்க்கு இதன் பொருள் எளிதிற் புலனாகும். வலக்கையாளர் சிலர் இடக்கையாளர்போற் கோலைச் சுழற்றியும் பழகுவர். ஒருபக்க முறுக்கத்துக்கு அது மாற்று. பந்தயமில்லாத் திங்களிற் பெரும்பாரம். பந்தயவாரத்திற் பாரம் குறையுமேயன்றிப் பயிற்சி நிற்பதில்லை. களமிறங்குமுன் மூட்டுக்களை அசைத்து உடலைச் சூடாக்கிப் பின், குறுங்கோலிற் றொடங்கி நெடுங்கோலுக்குச் செல்வர். இப்பகுதியை நம் கல்லூரி ஆடுகளத்திற்கு மணியடித்தபின் ஓடிவந்து அப்படியே பந்தை உதைக்கும் தோழர் இருமுறை படிப்பாராக.

எனினும், வலிமை மிகமிக நன்மையும் மிகுமோ? 1997ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் பந்தயத்தை 21 வயதில் 12 அடி வேறுபாட்டில் வென்ற டைகர் உட்ஸ், பாரந்தூக்கிப் பயில்வதைப் பலரும் பின்பற்றும் வழக்கமாக்கினார். அவரே 2008இல் முறிவுகண்ட காலெலும்போடு அமெரிக்கப் பொதுப்பந்தயத்தை வென்றார். 2017இல் முதுகெலும்புகளை ஒன்றாய்ப் பிணைக்கும் அறுவையும் செய்துகொண்டார். 2019இல், 43 வயதில், மீண்டும் மாஸ்டர்ஸ் வென்றார். மிகையான பயிற்சியே அவருடலைக் கெடுத்தது என்பாரும், இளமைமுதல் அடித்த அடிகளே கெடுத்தன என்பாரும் உளர். அடியின் அழுத்தத்தை மேலே கணக்கிட்ட யாம் இரண்டாவதன் பக்கமே சாய்கின்றோம். பிரைசன் டிஷாம்போ என்பார் உடலைப் பருக்கவைத்து, 2020ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுப்பந்தயத்தை ஆறடி வேறுபாட்டில் வென்றார். பின்னர் அவ்வெடையைக் குறைத்துக்கொண்டு, 2024இல் அதனையே மீண்டும் வென்றார்.

ஆட்டத்தின் அடிகளுட் பாதி, குழியருகே பந்தை மெல்ல உருட்டுதற்கென வகுக்கப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது. நான்கைந்து மணிநேரம் நடந்தபின் கை நடுங்காதிருத்தலே ஆங்கு வேண்டும் வலிமை. 2021இல் டோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயத்தில், பந்தை நெடுந்தொலை செலுத்தாதவராகிய பெங்களூர் நங்கை அதிதி அசோக், பெருவலியினரிடையே நான்காம் இடம் பெற்றார். பதக்கம் அவர் கைநழுவியது ஒரே ஓர் அடியில்.